வைட்டமின் என்ற பெயரில் வந்து சேரும் மருந்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான உணவுக் குறிப்புகள் இரண்டு வாரங்களுக்கு முன் வெளியாகியிருந்தன. அவற்றில் வல்லாரைக் கீரை, பாதாம் பருப்பு, மீன் எண்ணெய் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் சல்புட்டியமின் என்ற பொருளும் இடம்பெற்றிருந்தது. அது பி1 வைட்டமினின் மேம்பட்ட வடிவம் என்றும், அசதியைப் போக்கி நினைவாற்றலைக் கூட்டும் என்றும், வைட்டமின் என்பதால் பக்கவிளைவுக்கு இடமில்லை என்றும் அந்தக் குறிப்பை எழுதியவர் சொல்லியிருந்தார். மற்ற மூன்றைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், இந்தப் பொருள் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்பதாலும், இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாகிவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

என் மறுப்பு, ‘வைட்டமின் என்பதால்’ என்ற அந்தச் சொற்களின் மீதுதான். உடல் இயங்குவதற்குச் சிறிதளவேனும் தேவைப்படுவதும், உடலால் போதிய அளவு செய்துகொள்ள முடியாததும், ஆகவே உணவிலிருந்து பெற்றே ஆக வேண்டியதுமான பொருளைத்தான் வைட்டமின் என்கிறோம். தயமின் எனப்படும் பி1 அப்படிப்பட்டது. சல்புட்டியமின் அப்படிப்பட்டதன்று. அது நாம் உண்ணும் எந்த உணவிலும் இல்லை. அது கிடைக்காமல் போவதால் வரும் நோய் என்று ஒன்றும் கிடையாது. தயமின் மூலக்கூறில் உள்ள வளையம் ஒன்றைத் திறந்து, அவ்வாறு திறக்கப்பட்ட இரண்டு மூலக்கூறுகளைக் கந்தக அணுக்களால் ஒன்றோடொன்று பிணைத்து, கொழுப்பில் கரைவதற்காக இரு பக்கமும் ஐசோபியூட்டிரிக் அமிலத் துண்டுகளை ஒட்டி, வேதியியலாளர்கள் செய்தெடுத்த பொருள் அது. உடலுக்குள் போன பிறகு அந்தப் பிணைப்பு அறுபட்டுத் தயமின் வெளிவருகிறது என்பது உண்மையே. ஆனால், அரிசியிலிருந்து காய்ச்சியது என்பதற்காகச் சாராயத்தைச் சோற்றோடு சேர்த்து எண்ணுவதில்லை அல்லவா? தயமினிலிருந்து செய்தது என்பதற்காக இதை வல்லாரையோடு சேர்த்து எண்ணுவதும் அதைப் போன்றதுதான்.

இவ்வளவு பாடுபட்டு அதை ஏன் செய்தார்கள் என்ற கேள்வி நியாயமானது. தயமின் நீரில் கரையும் பொருள். குடல் சுவரில் அதை உள்ளே ஏற்றிவிடும் வழிகள் மிகக் குறுகியவை; ஒரே நேரத்தில் சில மில்லிகிராமுக்கு மேல் விழுங்கினால், மிஞ்சியதில் பெரும்பகுதி உடலில் சேராமலேயே வெளியேறிவிடும். வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதிலும் சேர்ந்து இருக்கும் தயமினே சுமார் 30 மில்லிகிராம்தான். உணவில் அது அடியோடு நின்றுபோனால், அந்த இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்குக்கூடத் தாங்குவது கடினம். மூளைக்குள் அதைச் சேர்ப்பது இன்னும் கடினம். கொழுப்பில் கரையும் வகையில் மாற்றிவிட்டால் இந்த வாயில்களுக்காகக் காத்திராமல் சவ்வுகளின் ஊடாகவே நுழைந்துவிடும் என்பதுதான் அந்த முயற்சியின் அடிப்படை.

அந்த முயற்சி ஜப்பானில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. தீட்டிய வெள்ளை அரிசியையே முதன்மை உணவாகக் கொண்ட அந்த நாட்டை, கக்கே என்று அவர்கள் அழைத்த பெரிபெரி நோய் நெடுங்காலம் வாட்டியது. கால் மரத்து, நடை தளர்ந்து, பின்னர் இதயமும் தளர்ந்துபோகும் நோய் அது. பெரிபெரி என்ற பெயரே, ‘முடியவில்லை’ என்று பொருள்படும் சிங்களச் சொல்லை இரட்டித்ததால் வந்தது என்பார்கள். மருந்துச் சீட்டோடு என் சாளரத்துக்கு முன் வந்து நின்றவர்களில் பாதிப் பேர் முதலில் சொன்ன சொல்லும் ‘முடியலைங்க’ என்பதுதான் என்பதால், இந்தச் சொல்வரலாற்றை நான் மறப்பதே இல்லை.

டச்சுக்காரர்களின் படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், 1890களில் மருத்துவமனைச் சமையலறையின் வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போனதையும், தீட்டாத அரிசிக்கு மாறியதும் அவை எழுந்து நடந்ததையும் கண்டவர் கிறிஸ்டியான் ஐக்மன். அதற்காக 1929ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. 1910இல் ஜப்பானின் உமேதாரோ சுசுகி தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுக்க முனைந்தார். 1926இல் படேவியாவிலேயே யான்சனும் தோனாத்தும் அதைப் படிகமாக எடுத்துக் காட்டினர். 1936இல் அதை ஆய்வகத்தில் முழுமையாகத் தயாரித்தவர் அமெரிக்கரான ராபர்ட் வில்லியம்ஸ். அவர் பிறந்தது, அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில். பெற்றோர் கிறித்தவ மிஷனரிகள். தொலைபேசி ஆய்வகம் ஒன்றில் வேதியியல் பிரிவின் தலைவராக இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் இந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தார் என்பதை வேலைப் பளுவைப் பற்றிக் குறைபட்டுக்கொண்ட இளைய மருந்தாளுநர்களிடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அதன்பின், 1950களின் தொடக்கத்தில், கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஃபுஜிவாரா குழுவினர், நசுக்கிய பூண்டில் உள்ள பொருளோடு தயமின் சேரும்போது, குடலில் எளிதாகச் சேரக்கூடிய வேறொரு சேர்மம் உண்டாவதைக் கண்டனர். அல்லிதயமின் என்று அதற்குப் பெயரிட்டனர். அதிலிருந்து ஒரு பரம்பரையே கிளைத்தது. 1954இல் அங்கே விற்பனைக்கு வந்த அலினமின் மாத்திரையைச் சாப்பிட்டவர்களின் மூச்சில் பூண்டு நெடி அடித்ததால், நெடி குறைந்த இன்னொன்றைத் தேடிப் பின்னர் ஃபர்சல்டியமின் செய்தனர். நம் ஊரில் சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கு எழுதித் தரும் மாத்திரைகள் பலவற்றில் பென்ஃபோடியமின் என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். அதுவும் தயமினிலிருந்து செய்துகொண்ட பொருளே. சல்புட்டியமினும் அந்தக் குடும்பத்தில் ஒன்று. பிரான்சின் செர்வியே நிறுவனம் அதை ஆர்காலியான் என்ற பெயரில் 200 மில்லிகிராம் மாத்திரையாக, உடல் தளர்ச்சிக்கான மருந்தாக விற்றது. இந்தியாவிலும் அந்தப் பெயரில் அது கிடைத்து வந்தது. கடிதத்தைப் படிப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். அதைச் செய்து விற்றவர்களே அதை மருந்தாகத்தான் விற்றனர். உணவுப் பொருளாக அதற்கு வேடம் கட்டியவர்கள் பின்னால் வந்த வியாபாரிகள்.

பி1 குறைபாடு நமக்குப் புதியதன்று என்பதையும், அதை நம்மவர்கள் எதைக் கொண்டு சமாளித்தனர் என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஹைதராபாத்தில் இன்று இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தொடக்கம், 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் அமைத்த பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான். பிற்பாடு அங்கே இயக்குநராக இருந்த அய்க்ராய்டும் அவருடைய குழுவினரும் கண்ட உண்மை எளிமையானது: இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி வேரூன்றியிருந்தது, புழுங்கல் அரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அது அவ்வாறு தலைகாட்டவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டோடு போக வேண்டிய பி1 சத்து அரிசி மணிக்குள்ளேயே ஊறி இறங்கிவிடுகிறது. அதன்பின் தீட்டினாலும் கணிசமான பங்கு மிஞ்சுகிறது. நெல் அவித்த முற்றங்களில் வேதியியல் தெரிந்தவர் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் வேலை நடந்தது. (அந்தச் சத்தில் ஒரு பகுதியைக் கஞ்சியோடு வடித்துக் கொட்டிவிடுகிறோம் என்பது வேறு கதை.)

கடின உடலுழைப்பு இல்லாத ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான தயமின் ஒன்றரை மில்லிகிராமுக்குள் அடங்கிவிடும். பருப்பு, பயறு, நிலக்கடலை, கேழ்வரகு என்று கலந்து சாப்பிடுகிற வீட்டில் இதற்குப் பஞ்சம் வருவது அரிது. உண்மையான குறைபாடு இன்றும் வருவது, மிகுதியாகக் குடிப்பவர்களுக்கும், ஓயாத வாந்தியால் துன்பப்படும் கர்ப்பிணிகளுக்கும், குடல் அறுவை செய்துகொண்ட சிலருக்கும், நீண்ட நாள் பட்டினி கிடந்தவர்களுக்கும்தான். குடிநோயாளிகள் மனம் குழம்பி, கண் நிலைகொள்ளாமல், நடை தள்ளாடி வார்டுக்கு வந்து சேரும்போது, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே மருத்துவர்கள் கேட்டு வாங்குவது சாதாரணத் தயமின் ஊசியைத்தான். எத்தனையோ இரவுகளில் நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மிக மலிவான மருந்து. சல்புட்டியமினை அந்த நேரத்தில் எவரும் கேட்டதில்லை.

சரி, குறைபாடு இல்லாதவர்களுக்கு அசதி போகுமா, புத்தி கூர்மையாகுமா? எலிகளின் மூளையில் தயமின் அளவை அது கூட்டியது என்று ஆய்வுகள் உண்டு. சில வகைச் சோதனைகளில் எலிகளின் நினைவாற்றல் மேம்பட்டது என்றும் 1980களில் எழுதினர். எலியிலிருந்து மனிதருக்கு வரும்போது கதை மெலிந்துவிடுகிறது. தொற்றுக் காய்ச்சலுக்குப் பிறகு தளர்ச்சி நீங்காதவர்கள் 326 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம், இன்னொரு பிரிவினருக்கு 400 மில்லிகிராம், மூன்றாம் பிரிவினருக்கு வெறும் மாவு மாத்திரை என்று கொடுத்து, யாருக்கு எது போகிறது என்று கொடுத்தவரும் வாங்கியவரும் அறியாதபடி பிரெஞ்சு மருத்துவர்கள் ஆராய்ந்து, முடிவை 1999இல் வெளியிட்டனர். ஏழாம் நாளில், கூடுதல் அளவு எடுத்துக்கொண்ட பெண்களிடம் மட்டும் சற்றே வேறுபாடு தெரிந்தது. இருபத்தெட்டாம் நாளில் அதுவும் இல்லை. மாவு மாத்திரை சாப்பிட்டவர்கள் உட்பட மூன்று பிரிவினருமே தேறியிருந்தனர். காய்ச்சலுக்குப் பிந்திய அசதி நான்கு வாரத்தில் பெரும்பாலும் தானே தணியும். அதற்கு முன் எதை விழுங்கியிருந்தாலும் பெயர் அதற்குப் போய்ச் சேரும். டானிக் வியாபாரம் நூற்றாண்டாக நடப்பது இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் என்று நான் கருதுகிறேன்.

அதை நஞ்சு என்று நான் சொல்ல வரவில்லை. பலருக்கு அது ஒன்றும் செய்யாது. சிலருக்குத் தலைவலி, படபடப்பு, தூக்கமின்மை, தோலில் தடிப்பு ஆகியவை வரலாம். மனநிலை ஏற்றத்தாழ்வு நோய்க்குச் சிகிச்சை பெற்று வந்த ஒருவர், மருந்துக்கடையில் தாராளமாகக் கிடைத்த சல்புட்டியமினை அளவு மீறி எடுத்துக்கொண்டதால் சிகிச்சையே குலைந்துபோனதை கிரேக்க நாட்டு மனநல மருத்துவர்கள் 2006இல் பதிவு செய்துள்ளனர். இப்படி ஒருவருக்கு நேர்ந்தது எல்லோருக்கும் நேரும் என்பதில்லை. ஆனால் மூளையில் ஏதோ ஒன்றைச் செய்யும் என்று சொல்லி விற்கிற பொருள், வேண்டாத எதையும் மூளையில் செய்யவே செய்யாது என்றும் அதே மூச்சில் எப்படிச் சொல்ல முடியும்?

இனி என் வீட்டுக் கதை. என் தங்கையின் மகள், இருபத்து நான்கு வயது, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பதற்காகக் கும்பகோணத்தில் எங்களோடு தங்கியிருக்கிறாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து உட்காருகிற பெண், சென்ற ஆண்டு ஆடி, ஆவணி மாதங்களில் மதியம் புத்தகத்தின் மேலேயே தலைசாய்த்துத் தூங்கத் தொடங்கினாள். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவாள். இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. அடுக்களைக்குப் போய், டப்பாவிலிருந்து வேகாத அரிசியை ஒரு பிடி அள்ளி வந்து, மென்றுகொண்டே படிப்பாள். ‘கல்யாணத்தன்று மழை கொட்டப்போகிறது’ என்று என் மனைவி கேலி செய்வாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். முப்பத்திரண்டு ஆண்டு அனுபவம் அங்கே என்ன கிழித்தது என்று இன்று கேட்டால் என்னிடம் பதிலில்லை.

ஒரு நாள் அவளுடைய மேசையில் ஒரு சிறிய வெள்ளை டப்பாவைப் பார்த்தேன். சேர்ந்து படிக்கும் தோழிகள் நால்வர் பணம் போட்டு இணையத்தில் வாங்கிப் பங்கிட்டுக்கொண்டது. திறந்தேன். எங்கள் மருந்துக் கிடங்கில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை டின்னைத் திறக்கும்போது குப்பென்று வருமே ஒரு கந்தக வாடை, அதற்கு உறவான வாடை. உள்ளே வெள்ளைத் தூளும், சுண்டு விரல் நுனியளவு பிளாஸ்டிக் கரண்டி ஒன்றும் இருந்தன. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நாக்கில் படாமல் தண்ணீரில் கலக்கி விழுங்குவதாகவும், அவ்வளவு கசப்பு என்றும் சொன்னாள். நான் முகம் சுளித்ததும், ‘வைட்டமின்தானே மாமா, மேலேயே எழுதியிருக்கான் பாருங்க’ என்றாள். மேலே அப்படித்தான் எழுதியிருந்தது. முதல் நான்கு நாட்கள் சுறுசுறுப்பாக இருந்ததாகவும் சொன்னாள். பத்தாம் நாளுக்குமேல் இரவு இரண்டு மணி வரை தூக்கம் வராமல் புரண்டதையும், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்ததையும் நாங்களே பார்த்தோம். மதியத் தூக்கமும் படிக்கட்டில் மூச்சு வாங்குவதும் அப்படியே இருந்தன.

மாதிரித் தேர்வு ஒன்றுக்கு வரிசையில் நின்றபோது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள் என்று தொலைபேசி வந்த பிறகுதான் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். ஹீமோகுளோபின் 7.9 கிராம். பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். மாதவிலக்கின்போது அளவுக்கு மீறி ரத்தம் போவதை ஓராண்டாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று பெண் மருத்துவர் தனியே உட்காரவைத்துக் கேட்டபோதுதான் சொன்னாள். வேகாத அரிசியைத் தின்னும் ஆசை, இரும்புச்சத்துக் குறைவின் பழம்பெரும் அடையாளம். மண், சாம்பல், சாக்பீஸ் தின்பதும் அப்படித்தான். மருத்துவர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை, காபி டீயோடு சேர்க்காமல் இரண்டு மாதம் சாப்பிட்ட பின் ஹீமோகுளோபின் 10.6 ஆயிற்று. அதற்கு வெகு முன்பே, மூன்றாவது வாரத்திலேயே, அரிசி டப்பாப் பக்கம் அவள் போவது நின்றுவிட்டது. மாதவிலக்குக்கான சிகிச்சையும் தொடர்கிறது.

அந்தத் தூள் அவளுக்குத் தந்த தீங்கு எது என்று கேட்டால், இரவுத் தூக்கம் கெட்டதை மட்டுமே சொல்லிவிட்டுப் போக முடியாது. ‘ஏதோ எடுத்துக்கொள்கிறோம்’ என்ற நினைப்பு, பரிசோதனையை ஏறத்தாழ ஆறு வாரம் தள்ளிப்போட வைத்தது. அந்த ஆறு வாரமும் ரத்தம் குறைந்துகொண்டே போயிற்று. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. தங்கள் இணைப்பைப் படித்த இளம்பெண்களில் ‘அசதி’ என்ற சொல்லைக் கண்டதும் அந்தக் குறிப்பில் கண்ணை நிறுத்தியவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெண்கள் மட்டுமன்று. தைராய்டு குறைவு, கண்டுபிடிக்கப்படாத சர்க்கரை நோய், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவதால் குறைந்துபோன பி12, காசநோய், மனச்சோர்வு என்று அசதியாக வந்து கதவைத் தட்டுபவை பல. ஹீமோகுளோபின் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் நடக்கிறது. அந்த டப்பாவுக்கு நான்கு பெண்களும் சேர்ந்து கொடுத்தது இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்.

அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கரண்டி 200 மில்லிகிராம் என்று டப்பாவில் அச்சிட்டிருந்தது. எனக்குத் தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவரிடம் மில்லிகிராம் வரை காட்டும் தராசு இருக்கிறது. அவர் கடை திறந்து வியாபாரம் சூடு பிடிக்குமுன் போய், அதில் நிறுத்துப் பார்த்தேன். தலைதட்டி எடுத்தால் 210 வந்தது. பிள்ளைகள் எடுப்பதுபோல் கோபுரமாக எடுத்தால் 370க்கு மேல் போயிற்று. தங்கத்தில் இந்த வேறுபாட்டை ஒருவரும் விடமாட்டார்கள். டப்பாவில் உள்ளது சல்புட்டியமின்தானா என்பதை அந்தத் தராசு சொல்லாது. அதைச் சொல்ல ஆய்வகம் வேண்டும். உணவுப் பொருளாயின் அதன் மேல் பதினான்கு இலக்க உரிம எண் இருக்க வேண்டும். நலத் துணையுணவுகளுக்கான விதிமுறைகளின்படி, அது மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று என்ற வாசகமும் அச்சிடப்பட வேண்டும். மருந்தாயின் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்துக்கு உட்பட்டு, தயாரிப்பாளரின் உரிம எண்ணும் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் இருக்க வேண்டும். இந்த டப்பாவில் இரண்டு சட்டங்களுக்கும் உரிய அடையாளம் இல்லை. இறக்குமதியாளர் முகவரியும் இல்லை. எந்த நோயையும் குணப்படுத்தும் நோக்கம் இதற்கில்லை என்று பொடியெழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது. அசதியைப் போக்கும் என்று விற்பனைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டவர்கள்தான் அந்த வரியையும் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் தொழிலுக்கும் இதில் பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. புறநோயாளிகள் வரிசையில் நின்று, எழுதிக்கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்ட பிறகும் நகராமல், ‘சத்து மாத்திரை ரெண்டு போட்டுக் குடுங்க சாமி’ என்று கேட்கும் பெரியவர்களுக்கு, காகித உறையில் மஞ்சள் மாத்திரைகளை நாங்கள்தான் போட்டுக் கொடுத்தோம். மறுநாள் சிறுநீர் மஞ்சளாகப் போவதைப் பார்த்து, சத்து உடம்பில் ஏறிவிட்டது என்று அவர்கள் மகிழ்ந்தனர். ஏறாமல் வெளியே போகிற பி2 வைட்டமினான ரைபோஃபிளேவின்தான் அந்த நிறம் என்று விளக்க வரிசை இடம் கொடுத்ததில்லை. வைட்டமின் என்றாலே கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை அந்தக் காகித உறைகளில் வளர்ந்தது. அன்று கொடுத்தது மெய்யாகவே வைட்டமின், அரசு வாங்கிப் பரிசோதித்தது என்பதால் பெரிய இழப்பில்லை. அந்த நம்பிக்கையை இன்று வேறொருவர் வந்து அறுவடை செய்துகொண்டிருக்கிறார்.

ஆசிரியர் அவர்கள் இரண்டு காரியங்கள் செய்ய வேண்டுகிறேன். சல்புட்டியமின் உணவுப் பொருளன்று, மருந்து. அதை மருத்துவர் சொல்லாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற திருத்தத்தை, அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும். மூன்றாம் பக்க மூலையில் ‘வருந்துகிறோம்’ என்று போடுவது, ஞாயிற்றுக்கிழமை இணைப்பை மட்டும் படிப்பவர்களுக்குப் போய்ச் சேராது. அடுத்ததாக, உடல்நலக் குறிப்புகளை எழுதுபவர் யார், மருத்துவரா, உணவியல் வல்லுநரா, விற்பனையோடு தொடர்புள்ளவரா என்பதைக் குறிப்பின் கீழே ஒரு வரியில் அச்சிட வேண்டும். அந்த வாரக் குறிப்பின் கீழ் எழுதியவரின் பெயரே இல்லை.

டப்பாவை, அதில் மிஞ்சியிருக்கும் தூளோடும் கரண்டியோடும், மூடி ஒட்டுத்தாள் ஒட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வாங்கிய ரசீதின் நகலும் இருக்கிறது. அதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுப்பதா, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கொடுப்பதா என்று தெரியாமல், இரண்டு அலுவலகங்களுக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன். தங்கள் செய்தியாளர் எவரேனும் அதற்குள் வந்து பார்க்க விரும்பினால், காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
கும்பகோணம்.